கைக்கும் அதே வயசுதான்

இன்னும் இருநூற்றுப் பதினாறு மணி நேரம் இருந்தது.

அதை அறிவித்தவள் ஸ்டோர் வாசலில் நின்றாள். வாசல் என்று சொல்ல முடியாது. வாசலுக்கு மூன்றடி முன்னால் சிமெண்டுத் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதற்கு வெளியே, செருப்பு நுனிகூட அதில் படாமல், கையில் டீ ஃபிளாஸ்கோடு நின்றாள்.

"மணி பத்து அம்பது. ஒன்பது நாள் கழிச்சு இதே பத்து அம்பதுக்கு எனக்குப் பதினெட்டு முடியுது. அம்மாகிட்ட நேரம்கூடக் கேட்டு வெச்சுட்டேன். அன்னைக்கு உள்ள வந்து டீ ஊத்தித் தரேன், பாருங்கப்பா."

"ஸ்டோருக்குள்ள டீ குடிக்கக் கூடாது," என்றார் ஸ்டோர்க்காரர், தலையை நிமிர்த்தாமல். "ஏழாவது விதி."

"சரி, உள்ள வந்துட்டு, திரும்ப வெளிய போய் ஊத்தித் தரேன்."

அவள் ஃபிளாஸ்கை நீட்டினாள். கை கோட்டைத் தாண்டி, இரண்டடிக்கு மேல் உள்ளே வந்துவிட்டது. அவள் கை அப்படி. அந்த ஆரஞ்சுத் தோட்டத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் முக்காலி போட்டு எடுக்கும் பெட்டியை அவள் நின்ற இடத்திலிருந்து எடுப்பாள்.

"கையை எடு."

"கால் வெளியதானேப்பா இருக்கு."

"கைக்கும் அதே வயசுதான்."

சொன்ன பிறகு அவருக்கு நாக்கு ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து கோட்டைத் தாண்டி வெளியே வந்து, ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு, கை கழுவும் குழாய்ப் பக்கம் போனார். மகள் சிரித்துக்கொண்டே பேக்கிங் ஷெட்டுக்கு ஓடினாள்.

அந்த ஸ்டோரில் இருந்தது பூச்சிமருந்து. சுவரில் அரசாங்கம் கொடுத்த பலகை தொங்கியது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மருந்து கலக்கக் கூடாது, தெளிக்கக் கூடாது, தெளித்த வரிசைக்குள் போகக் கூடாது, டிராக்டர் ஓட்டக் கூடாது, உயர ஏணியில் ஏறக் கூடாது. ஸ்டோருக்குள் நுழையவே கூடாது. பலகை அரசாங்கத்தினுடையது. கோடு அவருடையது. நுழையக் கூடாது என்றால் எங்கிருந்து நுழையக் கூடாது என்று யோசித்திருக்கிறார். நிலைப்படி எங்கே இருக்கிறது என்று மருந்தின் ஆவிக்குத் தெரியாது. அதனால் மூன்றடி தள்ளி, தன் கையாலேயே பெயிண்ட் அடித்தார். வருஷத்துக்கு இரண்டு முறை புதிதாக அடிப்பார்.

இந்தக் கோட்டுக்கு ஒரு பெருமை உண்டு. போன வருஷம் முதலாளியம்மாவின் அக்கா மகன், அவர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வந்தான். மருந்து டப்பா இரண்டு வேண்டும். ஸ்டோர்க்காரர் சீட்டைப் பார்க்கவில்லை; பிறந்த தேதியைக் கேட்டார். விரல் விட்டு எண்ணினார்.

"ரெண்டு நாள் கழிச்சு வா, தம்பி."

பையன் திரும்பிப் போனான். பத்து நிமிஷத்தில் முதலாளியம்மாவே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தோட்டம் என்னுது, ஸ்டோர் என்னுது, பையன் என் அக்கா பையன். அப்புறம் என்ன?"

"எல்லாம் உங்களுதுதாம்மா. கோடு மட்டும் என்னுது."

முதலாளியம்மா கோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பையனுக்கு 'ரெண்டு நாள்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அவனுக்குப் பத்தொன்பது ஆகிறது. பெயர் இன்னும் ரெண்டு நாள்தான்.

தொழிலாளர் ஆய்வாளரம்மாவும் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறார். யார் வீட்டிலும் டீகூடக் குடிக்காத மனுஷி. பையிலிருந்து தன் டேப்பை எடுத்துக் குனிந்து அளந்தார். "மூணடி ஒரு அங்குலம்," என்றார். அந்த அங்குலத்துக்காகவே ஸ்டோர்க்காரருக்கு அவரைப் பிடித்துப் போனது. ஸ்டோர்க்காரரின் வயதுப் பதிவேட்டை நகல் எடுத்து, மற்ற தோட்டங்களுக்கெல்லாம் மாதிரியாகக் காட்டுகிறாராம்.

அப்படிப்பட்ட ஸ்டோர்க்காரர் அன்று குழாயடியில் டீயைக் குடித்து முடித்த பிறகும், வெறும் டம்ளரை உதட்டில் வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். தோட்டத்துக்குப் புது மெஷின் வந்திருந்தது. டிராக்டரின் பின்னால் இழுபடும் மருந்து தெளிக்கும் மெஷின். டிராக்டருக்குக் கண்ணாடிக் கூண்டு உண்டு. இனி முதுகில் டப்பாவைத் தூக்கி மருந்தில் குளிக்க வேண்டியதில்லை. அதை இயக்க மூன்று வாரப் பயிற்சி. தோட்டத்துக்கு ஒரே ஒரு இடம். முதல் வாரம் வெறும் தண்ணீரில் பயிற்சி, பதினாறு வயதானாலே போதும். அடுத்த இரண்டு வாரமும் மருந்தோடு, அதற்குப் பதினெட்டு. மூன்று வாரமும் முடித்தவருக்குத்தான் மெஷின். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ஏணி சொன்ன அதே ஒன்பதாம் நாள்.

பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த மெஷினைப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. ஒற்றைக் காலில் நின்றாள். முதலாளியம்மாவும் சரி என்றுவிட்டார். அவள் போகாவிட்டால் ரெண்டு நாள் போக வேண்டும். ரெண்டு நாளுக்கு மதியத் தூக்கம்தான் உயிர். அவன்தான் எல்லோரையும்விட அதிகமாக ஏணியின் பிறந்தநாளுக்காகக் காத்திருந்தான்.

ஊரெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தது. ஸ்டோர்க்காரரும் எண்ணினார். அவர் கணக்கில் மட்டும் ஒரு வருஷம் இடித்தது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அறுவடைக் காலம். மனைவிக்குப் பேக்கிங் ஷெட்டில் நாள் முழுக்க வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் அறை ஏதும் உண்டா என்று கேட்டுவரப் போனார்கள். சேர்ப்பதற்குப் போகவில்லை.

ஹெட்மாஸ்டர் அவர்களைக் கேட்கவில்லை, குழந்தையைக் கேட்டார். "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு, பார்ப்போம்." பிறப்புச் சீட்டு இல்லாத பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் அதுதான் அளவு. ஐந்து வயது ஆனால்தான் கை எட்டும் என்பது கணக்கு.

குழந்தை தொட்டது. தொட்டதோடு விடவில்லை, காதைப் பிடித்து இழுத்து, நாக்கையும் நீட்டிக் காட்டியது.

"அஞ்சு தாராளமா இருக்கு," என்றார் ஹெட்மாஸ்டர். "எந்த மாசம், எந்தத் தேதி?"

ஸ்டோர்க்காரர் சொன்னார். மாசமும் சரி, தேதியும் சரி. வருஷத்தை ஹெட்மாஸ்டர் காதைப் பார்த்துத் தானே போட்டுக்கொண்டார். குழந்தைக்கு அப்போது நாலுதான். ஸ்டோர்க்காரர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் மனைவி அவர் காலை நன்றாக மிதித்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அதன் பிறகு அந்த வருஷம் எல்லாச் சான்றிதழிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் முன்பல் விழுந்தபோது, தனக்கு மட்டும் விழவில்லையே என்று ஏணி ஒரு வாரம் அழுதாள். 'உனக்குப் பல்லு ஸ்ட்ராங்கு' என்று தேற்றினார்கள்.

அன்று மாலை வீட்டில் மனைவி சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"அவளுக்குப் பதினேழுதான் முடியப்போகுது," என்றார் அவர், பித்தானைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும். பெத்தவ நான்தானே." நூலைப் பல்லால் கடித்தாள். "பேப்பர்ல பதினெட்டு. சட்டத்துக்கு அது போதும்."

"மருந்துக்குப் போதாதே."

"கண்ணாடிக் கூண்டுக்குள்ள உட்கார்ந்துதானே ஓட்டப்போறா?"

"கூண்டுல ஏர்றதுக்கு முன்னாடி மருந்தைக் கலக்கணும். அதை வெளிய நின்னுதான் கலக்கணும்."

"ஒரு வருஷத்துல என்னங்க ஆயிடும்? நீங்க பதிமூணு வயசுல கலக்கலையா?"

"அதனாலதான் சொல்றேன்."

மனைவி பதில் சொல்ல வாயெடுத்தவள், திடீரென்று ஊசியோடு எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். பால் பொங்கி, வழிந்து, அடியும் பிடித்திருந்தது. அறை முழுக்கப் புகை. "பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்குத்தான் மூக்கு போச்சு, பேச்சுல எனக்கும் போயிடுச்சு."

அவருக்கு வாசனை தெரியாது. ஆரஞ்சுத் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம். பூக்கும் மாசத்தில் வழியில் போகிறவர்கள்கூட நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. பதின்மூன்று வயதில் முழங்கை வரை டிரம்முக்குள் விட்டு மருந்தைக் கலக்கினார். நாசில் அடைத்துக்கொண்டால், அதுதான் மருந்து பீய்ச்சும் முனை, வாயில் வைத்து ஊதுவார். ஒரு நாளைக்கு எத்தனை ஊதினாரோ. இரண்டு வருஷத்தில் மூக்கு போய்விட்டது. மகளிடம் மட்டும் 'சின்ன வயசுல சளி பிடிச்சுது' என்று சொல்லி வைத்திருந்தார்.

கரிந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "வெளிய சொன்னா அவ படிச்ச படிப்பெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க? அதையும் யோசிச்சுக்கோங்க."

அதை அவர் அதுவரை யோசிக்கவில்லை.

நூற்று நாற்பத்து நாலு மணி நேரம் பாக்கி இருக்கும்போது, புது மெஷினை ஷெட்டுக்கு வெளியே நிறுத்தித் தண்ணீர் நிரப்பினார்கள். தண்ணீர் என்பதால் ஏணியை யாரும் தடுக்க முடியவில்லை. பன்னிரண்டு நாசில். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அளவுக் குடுவை. ஒரு நிமிஷத்துக்கு ஒவ்வொன்றும் ஒரே அளவு தண்ணீர் விட வேண்டும். கூடினால் மரம் கருகும், குறைந்தால் பூச்சி சிரிக்கும். ரெண்டு நாள் கடிகாரத்தைப் பிடித்தான். அவள் பெஞ்சியில் உட்கார்ந்து எழுதினாள்.

"ஏழாவது குறையுது," என்றாள்.

"எவ்வளவு?"

"நூத்துல பதினாலு பங்கு."

"பதினாலுதானே. போனாப் போகுது, விடு."

"உன் சம்பளத்துல நூத்துக்குப் பதினாலு குறைச்சா விடுவியா?"

"எனக்குச் சம்பளமே இல்ல. சித்தி சாப்பாடு மட்டும்தான் போடறாங்க."

பேக்கிங் ஷெட் பெண்கள் சிரித்தார்கள். ரெண்டு நாள் ஏழாவது நாசிலைக் கழற்றினான். குறுக்கே ஏதோ தூசி. அவன் அதை ஊதுவதற்காக வாயருகே கொண்டுபோனான். மூன்று பேர் தள்ளி உட்கார்ந்திருந்த ஏணியின் கை அத்தனை பேரையும் தாண்டி வந்து, அவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டது.

"வாயில வைக்காதே."

"புது மெஷின்டி. மருந்து இன்னும் தொடவே இல்ல."

"இன்னைக்குத் தொடலை. நாளைக்கும் உன் வாய் இதே மாதிரி போகும். பழைய டூத் பிரஷ் எதுக்கு இருக்கு?"

டூத் பிரஷால் தேய்த்து, திரும்ப மாட்டி, திரும்ப அளந்தாள். பன்னிரண்டு குடுவையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. மேஸ்திரி, யாரையும் எளிதில் பாராட்டாதவர், குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "ம்," என்றார். அது அவரிடமிருந்து வரும் மாலை மரியாதை.

ஸ்டோர்க்காரர் எல்லாவற்றையும் கோட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையில் அவருக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

"ஏணி," என்றான் ரெண்டு நாள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "உங்கப்பா என்னை ரெண்டு நாளைக்காகத் திருப்பி அனுப்பினாரே, அதுல உனக்கு வருத்தமே இல்லையா?"

"எதுக்கு வருத்தம்? ரெண்டு நாள் என்ன, ரெண்டு வருஷம் குறைஞ்சாலும் நிக்க வைக்கணும். கோடுன்னா கோடு."

எல்லோரும் ஸ்டோர்க்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெண்ணுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் உள்ளே போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த டப்பாக்களை மறுபடி அடுக்கினார்.

நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கும்போது அவரால் தாங்க முடியவில்லை. மூன்று முறை கழுவி, அடியில் ஓட்டை போட்ட காலி டப்பாக்கள் குவித்திருந்த மூலைக்குப் போய், ஆய்வாளரம்மாவுக்குப் போன் போட்டார்.

"வணக்கம் மேடம். ஒரு சந்தேகம். எனக்கில்ல. என் சிநேகிதர் ஒருத்தருக்கு."

"சொல்லுங்க."

"அவர் பொண்ணுக்குப் பேப்பர்ல ஒரு வயசு இருக்கு. நெஜத்துல ஒரு வயசு."

"எது அதிகம்?"

"பேப்பர். ஒரு வருஷம்."

"உங்க சிநேகிதர் என்ன வேலை பார்க்கிறார்?"

"தோட்டத்துல, மேடம்."

"ஸ்டோர்லயா?"

"அதுக்குப் பக்கத்துல."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"தேதி தப்புன்னா திருத்திக்கலாம். ஒரு மனு, ரெண்டு சாட்சி, ஆறேழு மாசம் அலைச்சல். படிச்ச படிப்பு எங்கேயும் போயிடாதுன்னு உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க."

மனைவி சொன்ன பயம் தீர்ந்தது. கூடவே, இனி அதைச் சாக்குச் சொல்ல முடியாது என்பதும் விளங்கியது.

"மேடம், பேப்பர்ல பதினெட்டுன்னு இருந்தா, உங்க அளவுல அது..."

"என் அளவுல அது பதினெட்டுதான். நான் பேப்பரைத்தான் பார்க்க முடியும். பேப்பர்ல இல்லாததைத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்." ஆய்வாளரம்மா நிறுத்தினார். "நாளை மறுநாள் உங்க தோட்டத்துக்கு வரேன். சிநேகிதரையும் இருக்கச் சொல்லுங்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள், பயிற்சிக்குப் போகும் பையைக் கட்டி முடித்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டு உடை, ஒரு நோட்டு, ஒரு பழைய டூத் பிரஷ். அவர் தட்டைப் பார்த்தார். இந்த வீட்டில் யார் கோபித்தாலும் அவரால் தாங்க முடியும். அவள் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பையை அவிழ்ப்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அப்பா, உங்களுக்கு சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தாம்மா."

"முகத்துக்குச் சொல்லலையா?"

மனைவி அவர் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டாள். வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கே பேக்கிங் ஷெட்டில் வேலை ஓடவில்லை. பெல்ட் ஓடியது, பழங்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, கைகள்தான் நின்றிருந்தன. பத்தரைக்கு மேஸ்திரி பெல்ட்டையே நிறுத்திவிட்டார். "எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. இல்லாட்டி அழுகினதெல்லாம் நல்ல பெட்டியில போயிடும்."

கோட்டின் மேல் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே. அதன் மேல் பயிற்சி விண்ணப்பம், பக்கத்தில் வயதுப் பதிவேடு. உள்பக்கம் ஸ்டோர்க்காரர். அவருக்கு அருகில், வேலை உடுப்போடு மனைவி. வெளிப்பக்கம் முதலாளியம்மாவும் ஆய்வாளரம்மாவும். மேஜைக்கு இடப்புறம், கோட்டை ஒட்டி ஏணி. புதுச் செருப்பு. தலையை வாரி இறுக்கி முடிந்திருந்தாள்.

ரெண்டு நாள் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை.

"கடையில இருக்கறதுலயே பெரிசு. அதுவும் உனக்கு முழங்கை வரைக்கும் வருமோ என்னவோ."

"பரவாயில்ல. முழங்கைக்குக் கீழே பார்த்துக்கிட்டாப் போதும்."

"தயவு செஞ்சு மூணு வாரமும் ஒழுங்கா இரு. நடுவுல ஓடி வந்துட்டா என்னைப் பிடிச்சுப் போட்டுடுவாங்க."

முதலாளியம்மா அவன் தலையில் தட்டினார். பெண்கள் சிரித்தார்கள். பத்து நாற்பத்தெட்டு.

ஆய்வாளரம்மா பள்ளிச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "பேப்பர் சரியா இருக்கு," என்றார். கோப்பை மூடவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து, பேனாவை ஸ்டோர்க்காரர் பக்கம் நீட்டினார். "பதிவேட்டுல வயசுக் கட்டத்தை நீங்க நிரப்புங்க. அதுக்கு அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன். உங்க பதிவேட்டை நம்பித்தானே ஊர் முழுக்கக் காட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டம் சின்னது. இரண்டு எண் எழுதுகிற அளவுதான். அதற்கு மேலே, போன வருஷம் அவரே எழுதிய வரி: அக்கா மகன், 17. பக்கத்தில் 'இரண்டு நாள் குறைவு'. அவருடைய கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து எண்ண ஆரம்பித்தாள். "பத்து... ஒன்பது..." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேஸ்திரிகூட வாயசைத்தார். ஏணி வலது காலைத் தூக்கிக்கொண்டாள். கொக்கு மாதிரி நின்றாள். ரெண்டு நாள் கடிகாரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டான்.

"மூணு... ரெண்டு..."

"இரு," என்றார் ஸ்டோர்க்காரர்.

கூட்டம் நின்றது. ஏணியும் நின்றாள், கால் அந்தரத்தில்.

"காலைக் கீழ வை, கண்ணு."

"என்னப்பா, இன்னும் ரெண்டு செகண்டு இருக்கா?"

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். சொந்தப் பெண்ணுக்குக்கூட இரண்டு வினாடி விட்டுக்கொடுக்காத மனுஷன் என்று முதலாளியம்மா ஆய்வாளரம்மாவிடம் சொன்னார். ஆய்வாளரம்மா சிரிக்கவில்லை, ஸ்டோர்க்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் குனிந்தார். மேஜைக்கு அடியில் தன் காலும், அதற்கு நாலு விரல் தள்ளி மனைவியின் காலும் தெரிந்தன. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் மிதித்த அதே கால். அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஓரடி தள்ளியே நின்றாள்.

அவர் பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்தார். மேஜையைச் சுற்றி, கோட்டைத் தாண்டி வெளியே வந்து, மகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவரைவிட அவள் நாலு விரல் உயரம்.

"வலது கையால இடது காதைத் தொடு."

"இப்பவா? எதுக்குப்பா?"

"தொடேன்."

அவள் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய்க் காதைத் தொட்டாள். கை காதைத் தாண்டித் தோள்வரை வந்தது. பழக்கத்தில் நாக்கு நுனியும் கொஞ்சம் வெளியே வந்தது. பெண்கள் மறுபடி சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"இந்தக் கை உனக்கு நாலு வயசுலயே காதுக்கு எட்டிடுச்சு," என்றார் அவர். "ஹெட்மாஸ்டர் காதைப் பார்த்து அஞ்சுன்னு எழுதினாரு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயைத் திறக்கலை. அதுக்கு அப்புறமும் திறக்கலை. எனக்கு மூக்கு போனதும் சளியால இல்லம்மா. உன் வயசுக்கும் முன்னாடி, கூடாத வயசுல, நாசிலை வாயில வெச்சு ஊதி ஊதிப் போச்சு."

ஏணியின் கை இன்னும் காதிலேயே இருந்தது. ரெண்டு நாளின் கடிகாரம் மெல்லக் கீழே இறங்கியது.

"இன்னைக்கு உனக்குப் பதினெட்டு இல்ல, கண்ணு. பதினேழுதான் முடிஞ்சிருக்கு. இன்னும் எட்டாயிரத்து எழுநூத்தி அறுபது மணி நேரம் இருக்கு."